அப்பா உட்கார்ந்த நங்கூரம்

எங்கள் ஊர் கொமார்னோவில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தன்யூப் ஆறு, அதன் கரை, கரையைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டைத் தரை. நாங்கள் பனிச்சறுக்குக்குப் போனதே என் நச்சரிப்பால்தான். வகுப்பில் பாதிப் பேர் தாத்ரா மலையில் சறுக்கிவிட்டு வந்து பீற்றிக்கொண்டார்கள். எனக்குப் பதினோரு வயது. ஒரு குளிர்காலம் முழுக்க அழுதே காரியத்தைச் சாதித்தேன்.

அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். தொழிற்சங்கம் ஆண்டுக்கு ஒரு விடுமுறைச் சீட்டுதான் தரும். ஏரிக்கரை, தூண்டில், பீர் என்று அவர் ஆசையாய் வைத்திருந்த கோடைச் சீட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் மலை விடுதிக்கு இரண்டு பேர் சீட்டாக மாற்றி வாங்கி வந்தார். அம்மா நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. அப்போது அதையெல்லாம் நான் எங்கே நினைத்துப் பார்த்தேன்? அப்பா போய் ஒன்பது வருஷமாகிறது. இப்போதுதான் உட்கார்ந்து நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக் கம்பளத்தின் மேலேயே பழகினார். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பத்தால் கூரையை இடித்தாள்.

"பாத்தியா ஹெட்கா, கை தட்டுறாங்க" என்றார் அப்பா என்னிடம்.

பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெள்ளைச் சரிவை அண்ணாந்து பார்த்ததும் மறுபடி பஸ் படியில் காலை வைத்தேன்.

"அப்பா, ஊருக்கே திரும்பிப் போயிடலாமா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டா? எனக்கும்தான்டி பயமாருக்கு. வெளிய காட்டிக்காத."

அவர் உடம்பில் கப்பல் தளத்தில் கொடுத்த பஞ்சுக் கோட்டு, முதுகில் பெரிதாக நாற்பத்தேழு என்று எண். தலையில் அம்மாவின் சிவப்புக் கம்பளித் தொப்பி, உச்சியில் குஞ்சம். ஊரில் பார்த்தபோது அது எனக்கு வேடிக்கையாகவே படவில்லை.

சரிவில் மேலே இழுத்துச் செல்லும் லிஃப்டுக்கு வரிசை நின்றது. ஓடும் கம்பியிலிருந்து நங்கூரம் மாதிரி ஒரு கட்டை தொங்கும், இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதில் இடுப்பைச் சாய்த்து நின்றபடி சறுக்கிப் போக வேண்டும். அங்கே அதற்குப் பெயரே நங்கூரம்தான்.

"நங்கூரமா? பதினஞ்சு வருஷமா அதோடதான் குடித்தனம் பண்றேன். நீ இரு, நான் முதல்ல போய்ப் பாக்குறேன்" என்று அப்பா முன்னால் போனார்.

எனக்குப் பின்னால் பிராத்திஸ்லாவாவிலிருந்து வந்த என் வயதுப் பெண்கள் மூன்று பேர், பளபளக்கும் நைலான் உடுப்பில். அவர்களில் டாக்மார் என்பவள், "உன் கையுறை நல்லாருக்கு. சாயங்காலம் விடுதியில சாப்பிட எங்க மேஜைக்கு வந்துடேன்" என்றாள். தலைநகரத்துப் பெண் என்னைக் கூப்பிடுகிறாள்! அவள் சிநேகத்துக்காக அப்போது என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா நங்கூரத்தின் மேல் பார்க் பெஞ்சில் உட்காருவது போல உட்கார்ந்தார். கட்டை கீழே இறங்கியது, அவரும் இறங்கினார். பத்து கஜம் மல்லாக்க இழுத்துக்கொண்டு போய் விட்டது. வரிசையே சிரித்தது.

"யோவ், அது பெஞ்சு இல்லய்யா! சாஞ்சு நிக்கணும்!" என்று லிஃப்டுக்காரர் கத்தினார்.

"ஐயோ, யாருடி அந்தக் கோமாளி? உன்கூட வந்தவரா?" என்று டாக்மார் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. யாரோ" என்றேன்.

திரும்பினால், அதற்குள் எழுந்து வரிசைக்கே வந்துவிட்ட அப்பா. தொப்பியைக் கையில் வைத்துப் பனியை உதறிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றார். கேட்டிருந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு முன்பின் தெரியாதவர் போலப் பணிவாகப் பேசினார்.

"பாப்பா, இதுல ரெண்டு பேராப் போகணுமாம். எனக்கு ஜோடி இல்ல. உனக்கு ஆட்சேபணை இல்லன்னா நான் வரட்டுமா?"

"பாவம், போயேன்டி" என்று டாக்மார் என்னை இடித்தாள்.

இந்தத் தடவை ஒழுங்காகச் சாய்ந்து நின்றார். கட்டை எங்களை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. பாதி தூரத்தில் அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்பா..."

"உஷ். பின்னாடியே வராங்க. நல்ல பொண்ணுங்களாத்தான் தெரியுது. மேல போனதும் நீ அவங்களோட சேந்துக்க. நான் யாரோதான்."

குரலில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தப் பனியிலும் எனக்கு முகம் எரிந்தது.

உச்சியில் நான் எப்படியோ இறங்கி ஓரமாக ஒதுங்கினேன். அப்பாவின் கோட்டுப் பை கட்டையில் மாட்டிக்கொண்டது. பாதையின் குறுக்கே விழுந்தார். பின்னால் வந்த டாக்மாரும் தோழிகளும் அலறிக்கொண்டு விலகினார்கள். லிஃப்டை நிறுத்திவிட்டு அறையிலிருந்து ஒரு தாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரோட ஆளுய்யா இது? சீக்கிரம் வந்து தூக்கிட்டுப் போங்க!"

அப்பா மல்லாந்தபடியே கையை ஆட்டினார். "யாரும் இல்லீங்க. நான் தனியாத்தான் வந்திருக்கேன்."

"பொய்!" என்று கத்தினேன். "அவரு எங்க அப்பா!"

அவரிடம் போகத்தான் கிளம்பினேன். நிற்பது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது. நேராகப் போய் அவர் மேலேயே விழுந்தேன்.

"மெதுவாடி" என்றார் அப்பா, என் முகத்திலிருந்த பனியைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் பொண்ணுங்களுக்குக் கேட்டுடப் போகுது."

அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, அதைவிடச் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.