அழிக்கத் தெரியாத கேமரா

என் தம்பி வாங்கிய புது கேமராவுக்கு மூளை இருக்கிறதாம். தானே முகத்தைத் தேடிப் பிடிக்குமாம், சிரித்தால் தானே எடுத்துக்கொள்ளுமாம். தன்னிடம் இல்லாததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான், வாங்கட்டும். அதன் முதுகில் ஒரு திரை இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

அம்மா அந்தத் திரையை எட்டிப் பார்ப்பாள். "ஐயே, அழிடா!" என்பாள். இவனும் அழித்துத் தொலைப்பான். அம்மாவை ஆயிரம் தடவை எடுத்த இந்தப் பெரிய கலைஞனிடம் அம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அம்மாவுக்குத் தாடையில் கட்டி. அடுத்த வாரம் பாதித் தாடையை எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த முகத்தை எப்படியாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

என் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பேட்டரி இல்லை, திரை இல்லை. அதன் ஜன்னலில் கண்ணை வைத்தால் முகம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"இத எந்த மியூசியத்துலேருந்து தூக்கிட்டு வந்தக்கா?" என்று இளித்தான் தம்பி.

"வாயப் பாரு! சாப்பிட்ட தட்டக் கழுவத் துப்பில்ல, அக்காவ நக்கல் பண்றான்!" என்று அம்மா அவன்மேல் பாய்ந்தாள்.

இரண்டு அம்மாவும் ஒன்றானார்கள். அழுத்தினேன். அம்மாவுக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, தலை வாரிவிட்டு, ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

"எங்க, காட்டு."

"இதுல பாக்க முடியாதும்மா. ஃபிலிம்."

"நல்லா இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. அழிக்க முடியாது."

அம்மா என்னை முறைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மேதாவித் தம்பி என் கேமராவின் முதுகைத் திறந்து வைத்திருந்தான்.

"இதுல கார்டு எங்கக்கா? காப்பி பண்ணி வைக்கலாம்னு பாத்தேன்."

வெளிச்சம் பட்ட ஃபிலிம் போனது போனதுதான். அவன் காதைப் பிடித்துத் திருகினேன். முப்பத்தைந்து வயதுக் காது. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது நாற்காலிப் படங்கள் எல்லாம் பாழ். சுருளின் அடியில் மறைந்திருந்ததால் முதல் படம் மட்டும், ஓரம் வெளுத்துப்போய், பிழைத்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா பாதி முகத்தைத் துண்டால் மூடியே வைத்திருந்தாள். வாய் குழறியது. ஒருநாள் அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்தேன். வாய் நிறையத் திட்டிக்கொண்டிருக்கிற அம்மா. கட்டைவிரல் படத்தின் மூலைக்குப் போனபோது, அழிக்கும் பொத்தானைத் தேடுகிறாளோ என்று பயந்தேன்.

"அழகாத்தான்... இருந்திருக்கேன்," என்றாள்.

"ஒரு தடவ திட்டும்மா," என்றான் தம்பி. அழுதுவிடுவான் போலிருந்தது.

அம்மா துண்டை இறக்கினாள். தம்பி அவசரமாகத் தன் கேமராவை எடுத்தான். அம்மா கையை நீட்டித் தடுத்து, என்னுடையதைக் காட்டினாள்.

"அதுல எடு. நான் சொன்னாலும்... அழிக்க முடியாதே, அதுல."