வராந்தா அம்மா

ஜஹீராவை மெட்டில்டா டீச்சர் கையில் வாங்கியபோது குழந்தைக்கு ஐந்து மாதம். கழுத்து நன்றாக நின்று, ஆள் முகம் பார்த்துச் சிரிக்கும் பருவம்.

"ஒரு மாசம், மிஞ்சிப் போனா ரெண்டு மாசம் டீச்சரம்மா. அதுக்குள்ள ஆம்பூர்லேருந்து எங்க அக்கா வந்துடும்," என்றார் பக்கத்து வீட்டு அத்தாவுல்லா. குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவர். அவருடைய மனைவி சித்திகாவுக்குப் பல மாதமாக விடாத இருமல். போன வாரம் இருமலோடு ரத்தமும் வந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் டி.பி. என்றார். உடனே தாம்பரம் சானடோரியத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டார். குழந்தையையும் பரிசோதித்தார்கள். நல்ல வேளை, அதற்கு ஒன்றுமில்லை. தாயிடமிருந்து பிரித்து வைத்தால் போதும் என்றார்கள்.

அது அறுபத்தாறாம் வருஷம். அஸ்தினாபுரத்தில் அவர்கள் தெருவில் மொத்தமே ஒன்பது வீடுகள்தான். டி.பி. என்ற சொல் ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. "வேணாம் டீச்சர், புள்ள இருக்கற வூடு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப்போவுது," என்று எதிர்வீட்டுக் காமு வாசலில் நின்றபடியே எச்சரித்தாள். மெட்டில்டாவுக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவளுக்குப் பதினொரு வயது மகள் ஒருத்தி இருந்தாள், பியூலா. ஆனால் அத்தாவுல்லாவின் தோளில் கிடந்த குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது. அதற்குப் பிறகு எப்படி வேண்டாம் என்பது?

ஆம்பூர் அக்கா வரவில்லை. அவளுடைய மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். இரண்டு மாதம் நான்கானது, நான்கு எட்டானது. மெட்டில்டா குழந்தையைத் தான் வேலை பார்த்த பள்ளிக்கே தூக்கிப் போனாள். ஆயா செல்லம்மா சாமான் அறையில் ஒரு தூளி கட்டினாள். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எதையும் பார்க்காதவராகவே போனார். பியூலா "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த ஜஹீரா, ஒரு நாள் மெட்டில்டாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ம்மா" என்றாள். மெட்டில்டா திருத்த நினைத்தாள். வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சானடோரியத்துக்கு ரயிலேறுவாள். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று, குழந்தையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பாள். தொலைவில் வராந்தாவில் சித்திகா வந்து நிற்பாள். கூடப் போகும் பியூலா, "அதோ பாருடி, வராந்தா அம்மா! டாட்டா சொல்லு," என்று பழக்கினாள். குழந்தை கையாட்டும். சித்திகாவும் கையாட்டுவாள். கை வலிக்கும்வரை தூக்கிப் பிடித்திருந்துவிட்டு மெட்டில்டா திரும்புவாள்.

பதினான்கு மாதம் கழித்து, நோய் அடியோடு போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துச் சித்திகாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சைக்கிள் ரிக்‌ஷா தெருவுக்குள் நுழைந்தபோது காமு தன் பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். சித்திகா அதைப் பார்த்தாள். பார்க்காதவள்போல இறங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, மெட்டில்டாவின் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்தாள்.

ஜஹீராவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. முகம் மலர்ந்து கையை ஆட்டி, "டாட்டா!" என்றாள்.

சித்திகாவின் கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. பாதியில் அப்படியே நின்றது. பிறகு அவள் வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது யாருக்கும் நல்லதாக இல்லை. அத்தாவுல்லா குழந்தையைத் தூக்கிப் போனால் அது வீறிட்டு அழுதது. அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். சித்திகாவோ குழந்தை கிட்டே வந்தாலே மூச்சை அடக்கிக்கொண்டாள். தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். எல்லாவற்றையும் கொல்லைப்புற அறையில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்தான் எழுதிக் குடுத்துட்டாரே சித்திகா, அப்புறம் என்ன?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"அவர் எழுதிக் குடுத்துட்டார்க்கா. எனக்குத்தான் நம்பிக்கை வரல. இந்தத் தெருவுக்கும் வரல." சித்திகா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அவ உங்ககிட்டயே இருக்கட்டும். சந்தோஷமா இருக்கா. நான் வராந்தாவுலேருந்தே பாத்துக்கறேன்."

அந்த வார்த்தை மெட்டில்டாவுக்குக் காதில் தேனாக விழுந்தது. அப்படி விழுந்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவர் ஐசக்கிடம் சொன்னாள். ரயில்வே ஆபீஸ் கிளார்க்கான அவர் அதிகம் பேசாதவர்.

"என்னங்க, நாளையிலேருந்து பியூலாவைச் சித்திகாகிட்ட அனுப்பித் தலை பின்னிக்கச் சொல்லலாம்னு இருக்கேன். தினமும்."

ஐசக் பேப்பரை மடித்து வைத்தார். மகள் படுத்திருந்த அறைப்பக்கம் ஒரு முறை பார்த்தார். "நெஜமாவே குணமாயிடுச்சா?"

"சர்ட்டிபிகேட்டை நானே படிச்சேன்."

"உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு. ஆனா நம்ம பொண்ணை நான் அனுப்பலைன்னா, அவ பொண்ணை அவ எப்படித் தொடுவா?"

"எண்ணெய்க் கிண்ணத்தையும் குடுத்து அனுப்பு. பியூலா தலை வறண்டு கிடக்கு," என்றார் ஐசக்.

மறுநாள் காலை பியூலா சீப்பும் ரிப்பனும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் போய் நின்றாள். கூடவே ஜஹீராவும் தொற்றிக்கொண்டு போனாள். மெட்டில்டா வாசலோடு நின்றுவிட்டாள்.

"அம்மாவுக்கு நேரமில்லையாம். நீங்க பின்னிவிடுவீங்களாம் ஆன்ட்டி. ரெட்டைப் பின்னல்."

"நானா?" சித்திகா வாசலைப் பார்த்தாள். "அக்கா, உங்க பொண்ணையா?"

"சீக்கிரம் சித்திகா, பெல் அடிச்சிடுவாங்க," என்றாள் மெட்டில்டா.

சித்திகா உட்கார்ந்தாள். பியூலா அவள் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சித்திகா முதலில் விரல்நுனியால்தான் முடியைத் தொட்டாள். பிறகு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, சிக்குப் பிரித்தாள். இத்தனை நாள் யாரையும் தொடாத கைகள் மெல்ல மெல்லத் தம் வேலையை நினைவுக்குக் கொண்டுவந்தன. பின்னி முடித்தபோது பின்னல் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. பியூலா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா பின்றதைவிட இறுக்கமா இருக்கு. சாயங்காலம்வரைக்கும் அவுராது," என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஒரு வாரம் இது நடந்தது. ஜஹீரா எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள், பியூலா எழுந்ததும், ஜஹீரா தரையில் கிடந்த சீப்பை எடுத்துச் சித்திகாவின் கையில் திணித்தாள். திரும்பி உட்கார்ந்து, மூன்று அங்குல முடியோடு தலையை அவள் மடியில் சாய்த்துக் காட்டினாள்.

சித்திகாவுக்கு அழுகை வந்தது. அழுதால் பயந்துவிடுவாளோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வாரினாள்.

அன்று மாலை மெட்டில்டா அவளிடம் குழந்தையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். தூக்கம் வந்தால் வலது காதைத் தானே இழுப்பாள், அந்தக் காதின் பின்பக்கம் தடவினால் உடனே தூங்கிவிடுவாள். ரசம் சாதம் பிடிக்கும், பருப்பு ஆகாது. இடி இடித்தால் பயப்படமாட்டாள், குக்கர் விசிலுக்குப் பயப்படுவாள். சொல்லச் சொல்ல, தன் வீட்டிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வெளியே வைப்பதுபோல இருந்தது. ஆனாலும் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

அன்றிரவே ஜஹீராவை அங்கே விட்டுவிட்டு வந்தாள். அதற்கு மேல்தான் கஷ்டம். தான் கண்ணில் படும்வரை குழந்தை அந்த வீட்டில் ஒட்டாது என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. கொல்லைப்பக்கமாகப் பள்ளிக்குப் போனாள். கொல்லைப்பக்கமாகவே திரும்பி வந்தாள். முதல் நான்கு நாள் சாயங்காலம் "ம்மா, ம்மா" என்ற அழுகை சுவர் தாண்டி வந்தது. ஐந்தாம் நாள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஐசக் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

ஏழாம் நாள் அழுகை கேட்கவில்லை. இதற்காகத்தானே இத்தனையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவே, தினமும் இறுக்கமான ரெட்டைப் பின்னலோடு போகும் பியூலாவை எதிர்வீட்டுக் காமுவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் தெருக்குழாயடியில் சித்திகா, எல்லோரும் பிடித்து முடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றிருந்தாள். காமு தன் குடத்தை நகர்த்திவிட்டு, சித்திகாவின் குடத்தைப் பிடுங்கிக் குழாய்க்கடியில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு ஓரமா நின்னுகினு கீறே? புள்ள வச்சிருக்கறவ மொதல்ல புடி." சொல்லிவிட்டு, நிறைந்த குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அன்னிக்குக் கதவைச் சாத்தினேன். தப்புதான். மனசுல வச்சிக்காத," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மெட்டில்டா சர்ச்சிலிருந்து வந்து கொல்லைக் கதவைத் திறக்கும்போது, முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சித்திகா. சானடோரியத்திலிருந்து வந்த பிறகு அவள் இன்னொரு வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. இடுப்பில் ஜஹீரா.

"எதுக்குக்கா பின்வழியா போறீங்க?"

மெட்டில்டா குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"எனக்குத் தெரியும். நான் அங்க பதினாலு மாசம் அனுபவிச்சதை நீங்க இங்க அனுபவிக்கிறீங்க." சித்திகா இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. "நீங்க வெயில்ல நின்னு இவளைத் தூக்கிக் காட்டினதாலதான் நான் மருந்தை முழுங்கினேன். அந்த ஊசியெல்லாம் தாங்கினேன். உங்களை ஒளிய வச்சிட்டு எனக்கு என்னக்கா அம்மாங்கற பேரு?"

ஜஹீரா மெட்டில்டாவைப் பார்த்தாள். பத்து நாள் கோபம் அவளுக்கும் இருந்தது. முகத்தைச் சித்திகாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். பிறகு ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

மெட்டில்டா கைகளை நீட்டினாள். இத்தனை மாதமாகத் திருத்த வாய் வராத வார்த்தை இப்போது வந்தது.

"பெரியம்மாகிட்ட வா."

குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தது. சித்திகா தலையாட்டினாள். அடுத்த கணம் அது அப்படியே தாவி வந்தது.

"உள்ள வா சித்திகா. பியூலா அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கார், எல்லாரும் இங்கயே சாப்பிடலாம். உன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லு," என்றாள் மெட்டில்டா.

"நான் ரசம் வைக்கிறேன்," என்று சித்திகா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள்.