சங்கரபாண்டியன் சாரின் கன்னத்துச் சீவல்

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் துறைத்தலைவர் ஆக வேண்டுமென்றால் கன்னத்தில் கொஞ்சம் சதை வெட்டிக் கொடுக்க வேண்டும். அதில் வெட்கம் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் உள்ள நடைமுறைதான்.

பேராசிரியர் சங்கரபாண்டியனும் கொடுத்தார். வெட்டிய இடத்தில் குழி விழுந்தது. குழியில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல வளைய வந்தார்.

சோதனை செய்ய வேண்டியவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி உலகம்மை. பாவம், ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டு அவர் கையெழுத்துக்காக வருஷக்கணக்கில் நிற்கிறாள். கேட்டால், "கை வெளியூர் போயிருக்கும்மா" என்பார். கை அவருக்கு முன்னாலேயே முறுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

"வெட்கம் இருந்தா சதை ஊதாவாகும். ஊதா வரட்டும், உடனே கையெழுத்துப் போடுதேன்," என்றார்.

"வராட்டி, சார்?"

"வராட்டி உனக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்."

வெட்கத்துக்கான மரபணு எல்லார் உடம்பிலும் இருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி. வேலை செய்தால் அந்தச் செல்லில் அதன் நகலாக ஆர்என்ஏ இருக்கும். அதோடு மட்டும் ஜோடி சேருகிற துண்டு ஒன்றைச் செய்து சதைமேல் விட வேண்டும். புரோப் என்பார்கள். ஜோடி கிடைத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சாயம் விட்டதும் ஒட்டிய இடம் ஊதாவாகும். ஜோடி இல்லையென்றால் கழுவுகிற தண்ணீரோடு போய்விடும்.

உலகம்மை கையுறை மாட்டினாள். வெறுங்கை பட்டால் ஆர்என்ஏ அழிந்துவிடும். சதையை மெழுகில் புதைத்துச் சீவினாள். சீவல்கள் நாடாவாக வந்தன. ஒவ்வொரு சீவலும், "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டாள். அடங்கிற்று.

புரோப் சீவல் முழுக்க அலைந்துவிட்டுக் களைத்துப்போய் வந்தது.

"உள்ள ஒருத்தரும் இல்லக்கா," என்றது.

சீவல் வெள்ளைவெளேர் என்று கிடந்தது.

"சாயம் கெட்டுப்போயிருக்கும்," என்றார் சார். "வெட்கம் உள்ள சதை ஒண்ணையும் பக்கத்துல வச்சுப் பாரு. அதுலயும் வராது."

வெட்கம் உள்ள சதையைத் தேடி உலகம்மை துறைக்குள் போனாள். பிரிசில்லா மேடத்திடம் கேட்டதும் அவர் குளிர்ப்பெட்டியாகி மெல்ல உறுமினார். திறந்து பார்த்தாள். காலி. அடுத்த அறைக்காரர் கன்னங்களைக் கழற்றி மேசை டிராயரில் பூட்டிவிட்டு விடுப்பில் போயிருந்தார். அவள் நடக்க நடக்கத் தாழ்வாரம் புதுப்புது அறைகளை முளைக்கவிட்டது. எல்லாவற்றிலும் முனைவர்கள். ஒருவரும் தேறவில்லை.

கடைசியில் தன் கன்னத்தையே கொஞ்சம் வெட்டிக்கொண்டாள்.

அது நாவல்பழம்போல ஊதாவாயிற்று. மைக்ராஸ்கோப்பே சற்றுத் தலையைக் குனிந்துகொண்டது.

கண்ணாடித் தகட்டில் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவார்கள். மையில் எழுதினால் ஆல்கஹாலில் கழுவும்போது கரைந்துவிடும். பென்சில் எந்த ரசாயனத்துக்கும் அசையாது. ரப்பருக்கு அசையும். அந்த நினைப்பே இல்லாமல் உலகம்மை டீ குடிக்கப் போனாள். சாருக்கு அந்த நினைப்பு இருந்தது.

தேர்வுக்குழு வந்து பார்த்தது. சார் பெயர் இருந்த தகடு ஊதா. உலகம்மை பெயர் இருந்தது வெளுப்பு. குழு கைதட்டியது. சாருக்கு ஒரு மாலை போட்டார்கள். கன்னத்துக் குழிக்குத் தனியாக ஒரு சின்ன மாலை.

உலகம்மை ஆய்வேட்டோடு வந்து நின்றாள்.

"ஊதா வந்துட்டுல்லா, சார். கையெழுத்து?"

"இத்தனை பேர் முன்னால கேக்கியே, வெட்கமா இல்ல?"

"அது என் சதை, சார்."

"உன் பேரு எதுல இருக்கு? வெளுத்ததுலதான? குழுவே பாத்துச் சொல்லியாச்சு. உனக்கு வெட்கம் கிடையாது."

அவள் குழுவைப் பார்த்தாள். குழு ஒரே தலையாக ஆமோதித்தது.

"கொஞ்சங்கூட இல்லையா, சார்?"

"ஒரு பொட்டுகூட இல்ல."

"அப்ப சரி."

குழுத்தலைவரிடம் பேனா வாங்கினாள். சாரின் கையெழுத்தைச் சுழி பிசகாமல் அவளே போட்டாள். தேதியும் போட்டாள். வெட்கம் இல்லாதவள் செய்கிற காரியம்தானே என்று குழு அதற்கும் கைதட்டியது.

சார் கத்துவதற்கு வாயைத் திறந்தார். ஆனால் அவருக்கு வெட்கம் உண்டு என்று இப்போதுதான் முடிவாகியிருந்தது. நாலு பேர் முன்னால் கத்த வரவில்லை. மாலையும் கழுத்துமாக, முகமெல்லாம் ஊதாவாகி, அங்கேயே நின்றார்.