வலப்பக்கத்துப் பீரங்கிகள்

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இந்த வருஷ மாரியம்மன் திருவிழாவுக்குத் தேர் கட்டியது பெண்கள். கட்டினால் மட்டும் போதுமா, வடம் பிடிப்பதும் நாங்கள்தான் என்று ஒரே பிடியாக நின்று வாங்கிய உரிமை அது. கோயில் கமிட்டித் தலைவர் வீரபத்திரன் ஒரு நிபந்தனையோடுதான் தலையாட்டினார். குறை ஏதும் வந்தால் அந்த இடத்திலேயே வடம் ஆண்கள் கைக்குப் போய்விடும்.

தேரைக் கப்பலாகக் கட்டலாம் என்றவள் கிருஷாந்தி. டவுனில் போன் கடையில் வேலை செய்கிறவள். கடையில் கூட்டம் இல்லாவிட்டால் கரீபியன் கடலின் பழைய போர்க்கப்பல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பாள். எந்தக் கப்பலுக்கு எத்தனை பாய்மரம் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், கேட்டவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

"தங்கம் ஏத்திக்கிட்டு வர்ற கப்பலைக் கொள்ளைக்காரங்க மடக்குவாங்க. அதுக்குக் காவலாப் பெரிய போர்க்கப்பல் கூடவே போகும். நம்ம தங்கம் ஆத்தாதானே? காவல் கப்பல்லயே ஏத்துவோம்," என்றாள்.

கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமிக்கு இது பிடித்துப்போனது. அவள் சரி என்றால் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாருக்கும் சரி.

டிராக்டர் பெட்டியின் மேல் மூங்கிலும் பலகையுமாகக் கப்பல் எழுந்தது. உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த பாய்கள் மூன்று பாய்மரங்களிலும் ஏறின. பீரங்கிகளுக்குத் தண்ணீர்க் குழாயை வெட்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். இருந்த குழாய் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். எந்தப் பக்கம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. நல்ல காரியம் என்றால் வலப்பக்கம்தான். வாசற்படி தாண்டுவதற்கே வலது காலைத் தேடுகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? கிருஷாந்தியும் குழாய்களைச் செருகிக் கப்பலின் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

திருவிழா அன்று தேர் லயங்களைத் தாண்டி வரும்வரை ஒரு குறையும் இல்லை. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கப்பல் தேர் வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். பிறகு தேர் கோயிலை வலம் வரத் திரும்பியது.

வலம் வரும் தேருக்குக் கோயில் எப்போதும் வலப்பக்கம். அத்தனை பீரங்கிகளும் கருவறையைக் குறிபார்த்தன.

கிருஷாந்தி அப்போதுதான் அதைக் கவனித்தாள். இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நிறுத்துங்க," என்றார் வீரபத்திரன். "ஆத்தா வீட்டையே சுடப் போறீங்களா? கழட்டுங்க அதுகளை."

"கழட்ட முடியாதுங்க மாமா. சட்டத்தைப் புடிச்சிருக்கிறதே அந்தக் குழாய்தான். எடுத்தா ஆத்தாளோட சேர்ந்து சரிஞ்சிரும்," என்றாள் கிருஷாந்தி.

சுற்றைத் திருப்பி இடமாக வரலாமா என்று கேட்கக்கூட ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது சாவுக்குச் சுற்றுகிற சுற்று.

"சண்டைக்குப் போகாத கப்பல்ல பீரங்கி வாயை அடைச்சு வச்சிருப்பாங்க," என்றாள் கிருஷாந்தி. "அடைச்சாச்சுன்னா சுட மாட்டோம்னு அர்த்தம்."

பூசாரி செல்லசாமி தேரிலிருந்த அம்மன் பக்கம் திரும்பினார். அம்மன் கழுத்திலிருந்த எலுமிச்சை மாலையைக் கழற்றி நாகலெட்சுமியிடம் கொடுத்தார். பெண்கள் மாலையைப் பிரித்து, ஒவ்வொரு பீரங்கி வாயிலும் ஒரு பழத்தை வைத்து அழுத்தினார்கள்.

வீரபத்திரன் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். "பீரங்கி சரி. ஆனா பேச்சுன்னா பேச்சு. குறை வந்திருச்சு. வடத்தைக் குடுங்க."

ஆண்கள் நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். பெண்கள் ஒருத்தியும் கையை எடுக்கவில்லை.

கிருஷாந்தி வடத்தை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். "தப்பு என்னோடதுங்க. இவங்க நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. நான் ஒதுங்கிக்கிறேன். வடம் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் ஆண்களைப் பார்த்துக் கை காட்ட, அவர்கள் பின்வாங்கினார்கள். அவள் தேயிலை ஓரமாகப் போய் நின்றாள். தேர் நகர்ந்தது. தான் கட்டிய கப்பல் தான் இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலுக்கு முன்னால் ஓர் ஏற்றம். அங்கே தேர் நின்றது. பெண்கள் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். சக்கரம் கொஞ்சம் ஏறி, பின்னால் சறுக்கியது. கட்டை போட்டு நிறுத்தினார்கள். ஆண்கள் வீரபத்திரன் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஏ புள்ள, அங்க என்ன வேடிக்கை பாக்குற?" என்று நாகலெட்சுமி கத்தினாள். "வா இங்க."

கிருஷாந்தி அசையவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அவளும் வீரபத்திரனைப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்குற?" என்றார் அவர், முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டு. "ஆத்தா ஏத்தத்துல நிக்கிறா. போய் இழு."

அவள் ஓடினாள். வடத்தில் அவள் கை பிடித்திருந்த இடத்தை யாரும் தொடாமல் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.