சித்தப்பாவின் சுறா

சாண்டர்ஸ் கோவ் என்ற அட்லாண்டிக் கரையோர ஊரில் ஆகஸ்ட் மாதம் சுறாப் போட்டி. யார் பெரிய சுறாவைப் பிடித்தார்கள் என்பதில் ஊருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். மளிகைக்கடை பெர்னீஸ் ஒரு கரும்பலகையைத் துறைமுகத்துக்குத் தூக்கிவந்து, கானாங்கெளுத்தி, சின்ன மீன், கணவாய், கடற்பறவை, ரப்பர் பூட்ஸ் என்று கட்டம் போட்டுப் பந்தயம் வாங்குவாள். பாதிரியார் எப்போதும் பறவைமேல்தான் கட்டுவார். ஒருமுறைகூட வென்றதில்லை. நம்பிக்கை அவருடைய தொழில் என்பதால் நிறுத்தியதுமில்லை.

வயிற்றைக் கிழிப்பவள் லோர்னா நிக்கிள், கடல் ஆய்வு நிலையத்தின் சுறா ஆராய்ச்சியாளர். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் சுறாவைக் கொன்று கரைக்குக் கொண்டுவர வேண்டுமானால், அது அறிவியலுக்குப் பயன்பட வேண்டும் என்பது அங்கே விதி. அறிவியல் என்றால் நடைமுறையில் லோர்னா ஏப்ரன் கட்டிக்கொண்டு கத்தியோடு வந்து நிற்பது. போட்டிக் குழுத் தலைவர் ஹார்லி அவளுக்குச் சித்தப்பா. ஆகவே அறிவியல் இதுவரை தாமதமாகக்கூட வந்ததில்லை.

போன வருடம் தொங்கவிட்ட நீலச் சுறா ஒன்று சினையாக இருந்தது. அந்தக் கடலில் அது அபூர்வம். கத்தி இறங்கியதும் குட்டிகள் பலகைமேல் வழுக்கி விழுந்தன. முப்பதுக்கு மேல் இருக்கும். கூட்டம் முண்டியடித்து எட்டிப்பார்த்தது. பிறகு, இவற்றைச் 'சின்ன மீன்' கட்டத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று தகராறு கிளம்பியது. தீர்ப்புக்காகப் பெர்னீஸ் லோர்னாவைப் பார்த்தாள்.

"அது வயிறு இல்லக்கா, கருப்பை."

செல்லாது என்று முடிவானது. எல்லோரும் சமாதானமாகச் சாப்பிடப் போனார்கள். லோர்னா மட்டும் குட்டிகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தாள். அவற்றில் ஒன்று அளவுகோலின் மேல் கிடந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடியது.

இந்த வருடம், போட்டிக்கு முந்தின வாரம், அவள் சித்தப்பாவின் படகுத்துறைக்குப் போனாள். அவர் சிங்கிறால் கூண்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் நான் வெட்ட மாட்டேன் சித்தப்பா."

"கை வலியா?"

"கை நல்லாத்தான் இருக்கு. வெட்ட மாட்டேன்."

"என்னடி, நாங்க என்ன திருட்டு வேலையா பண்றோம்? எல்லாம் சட்டப்படிதானே பிடிக்கிறோம்!"

"அதான் கஷ்டமே. திருட்டுத்தனமா பிடிச்சா ஒரு போன்ல முடிச்சிருப்பேன்."

"உன் ஆராய்ச்சி? இத்தனை வருஷக் கணக்கு பாதியில நிக்குமே?"

"நிக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கணக்கின் மேல்தான் அவளுடைய வேலையே நின்றுகொண்டிருந்தது. அது ஹார்லிக்கும் தெரியும். அதனால்தான் முதல்முறையாக வலை ஊசியைக் கீழே வைத்தார்.

"போ. நான் வேற விஞ்ஞானியைப் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டது பல் டாக்டர் எமெரியை. மீன்வள அதிகாரி தொலைபேசியில் எமெரியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "வயசை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சாதாரணமா அவங்களே சொல்லிடுவாங்களே," என்றார் எமெரி.

எமெரி செல்லாது என்று ஆனது; போட்டியே நின்றுவிடும் போலிருந்தது. அந்த வாரம் முழுக்க ஊர் லோர்னாவிடம் பேசவில்லை. காபிக் கடையில் அவள் கோப்பைக்கு மட்டும் பாதி ஊற்றினார்கள். அவள் பாதிக் காபியைக் குடித்துவிட்டு, மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை படகுக்காரர்கள் கூட்டம். லோர்னா ஒரு பெட்டியோடு போய் மேசைமேல் வைத்தாள். அவள் நிபந்தனை இதுதான்: சுறாவைப் படகோரம் இழுத்து, தண்ணீரிலேயே அளந்து, அதன் முதுகுத் துடுப்பில் பெட்டியிலிருக்கும் கருவியைக் கவ்வவிட்டு, தூண்டிலை அறுத்து விட்டுவிட வேண்டும். அப்படியென்றால் எல்லாப் படகுக்கும் அவள் வேலை செய்யத் தயார். கரைக்கு ஒரு சுறா வந்தாலும் அவள் வரமாட்டாள்.

"பிடிச்சு, அளந்து, முத்தம் கொடுத்து அனுப்பணும், அதானே?" என்றது ஒரு குரல்.

"முத்தம் உங்க இஷ்டம்."

யாரும் சிரிக்கவில்லை. பெர்னீஸ்தான் எழுந்தாள். ஊரிலேயே அதிகக் கோபம் அவளுக்குத்தான். "நாங்க எதுமேல பந்தயம் கட்டறது? சொல்லு பார்க்கலாம். வயிறே இல்லாம என்ன போட்டி?"

அதைப் பற்றி லோர்னா யோசித்திருக்கவே இல்லை. பெர்னீஸ் பெட்டிக்குள் எட்டிப்பார்த்து, ஒரு கருவியை எடுத்து, கத்தரிக்காய் வாங்குகிறவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன செய்யும்?"

"சுறா மேல வர்றப்பல்லாம், எங்க இருக்குன்னு சாட்டிலைட்டுக்குச் சொல்லும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நல்லா இருந்தா வருஷக்கணக்கா."

"அடிப்பாவி," என்றாள் பெர்னீஸ் மெதுவாக. "வயித்துப் பந்தயம் ஒரு சாயங்காலத்தோட முடிஞ்சுடுமே. சுறா எங்க போகும்னு கட்டினா, இது வருஷம் பூரா ஓடுமேடி!"

ஓட்டெடுப்பில் எல்லோர் கையும் உயர்ந்தது; ஹார்லி மட்டும் கையைத் தூக்கவில்லை.

போட்டியன்று லோர்னா சித்தப்பாவின் படகில் ஏறினாள். வேறு யார் படகில் ஏறினாலும் ஹார்லி ஒன்றைக் கொன்று எடுத்துவருவார் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் தூண்டில் இழுத்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியபின் படகோரம் எழும்பியது ஒரு நீலச் சுறா. ஹார்லியின் வாழ்நாளில் அவ்வளவு பெரியது அவர் தூண்டிலில் மாட்டியதில்லை.

அவர் கை தானாகவே, மீனைக் குத்தி இழுக்கும் கொக்கியை எடுத்தது.

"சித்தப்பா, பேச்சு என்ன?"

"பேச்சு கிடக்கட்டும். விஞ்ஞானி கரையில இருக்கணும், அவ்வளவுதானே? விஞ்ஞானி என் படகுலயே இருக்கா. சுறாவோட சேர்த்து உன்னையும் கொண்டுபோய் இறக்கறேன்."

லோர்னா ஒரு காலைப் படகின் விளிம்புக்கு வெளியே போட்டாள்.

"என்னடி பண்றே?"

"விஞ்ஞானி படகுல இல்ல."

"தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்! பக்கத்துல சுறா வேற!"

"அது மனுஷங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்ல. இப்பப் பார்த்துடலாம்." இரண்டாவது காலும் வெளியே போனது. விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், பூட்ஸுக்கு ஒரு சாண் கீழே சுறாவின் முதுகு.

அவள் விளையாடவில்லை என்பது ஹார்லிக்குப் புரிந்தது. நிக்கிள் குடும்பத்தில் யாரும் சும்மா மிரட்டியதில்லை. அவரே ஒருமுறை பந்தயத்துக்காக டிசம்பர் குளிரில் கடலில் குதித்தவர்.

"உங்கப்பன் புத்தி அப்படியே," என்று கொக்கியைக் கடாசினார். "குடு அந்தக் கருமத்தை."

கருவியை அவரே மாட்டினார். மாட்டும்போது சுறாவின் கரிய பெரிய கண் அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். பிறகு தூண்டில் கம்பியை அறுத்தார். அது அவசரமே இல்லாமல் கீழே இறங்கிப் போயிற்று.

"பேர் வைக்கணுமாமே, பெர்னீஸ் சொன்னா," என்றார் திரும்பும் வழியில், வெகுநேரம் கழித்து. "எட்னான்னு எழுதிக்கோ." எட்னா அவர் மனைவி. அவள் உயிரோடுதான் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் சமைக்கவில்லை.

குளிர்காலத்தில் பெர்னீஸின் கடைச்சுவர் முழுக்க அட்லாண்டிக் வரைபடம். பால் வாங்க வருகிறவர்கள் சுறாக்களைக் குறிக்கும் ஊசிகளை நகர்த்திவிட்டுப் போனார்கள். பாதிரியார் இப்போதும் தோற்றுக்கொண்டிருந்தார். லோர்னாவின் பழைய கணக்கு நின்றேவிட்டது. நிலையத்தில் அவள் மேசையைச் சன்னல் இல்லாத அறைக்கு மாற்றியிருந்தார்கள். புதுக் கணக்கில் இதுவரை மூன்றே சுறாக்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, காபி இறங்குவதற்குள் லோர்னாவின் தொலைபேசி அடித்தது.

"எட்னா அசோர்ஸ் தீவுப் பக்கம் போயிட்டா," என்றார் ஹார்லி. குரலில் பதற்றம். "அங்க பெரிய பெரிய கப்பல்காரனுங்க மைல் கணக்குல தூண்டில் போட்டிருக்கானுங்களாமே?"

"ஆமா சித்தப்பா."

"அது சட்டப்படியா?"

"சட்டப்படிதான்."

ஹார்லியின் குரல் எகிறியது.

"சட்டப்படியா இருந்தா? மாட்டிக்கிட்டா செத்துப்போயிடுவாளே! கேக்க ஆளே கிடையாதா?"

லோர்னா நம்பர் எழுதிவைத்த காகிதத்தைத் தேடினாள்.

"இருக்கு. அந்தச் சட்டத்தைப் போடறவங்க நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. முதல் தடவை போன் பண்ணா எடுக்க மாட்டாங்க."

"எடுக்கற வரைக்கும் அடிக்கறேன். நீ சொல்லு."