சுழன்ற குப்பி, சுழலாத குப்பி

புருஷன் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொன்னால் பெண்டாட்டிக்குப் பெருமை வரவேண்டும். இவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. மனிதத் தசை செல்களைக் குப்பியில் அடைத்து, ஓயாமல் திசை மாறிச் சுழலும் இயந்திரத்தில் ஏற்றுவாள் இவள். எது மேல், எது கீழ் என்று செல்லுக்குப் பிடிபடாது. எடையில்லாமல் மிதப்பதற்கு ஏறக்குறைய சமம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குப்பி மேஜையில் சும்மா இருக்கும். பிறகு இரண்டையும் கரைசலாக்கி, லேபிள் ஒட்டிக் கொடுப்பாள். புரதத்தை அளப்பது அவன். சுழன்ற செல்களில் ஒரு புரதம் இரண்டு மடங்காகிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. அதை நம்பித்தான் அடுத்த ராக்கெட்டில் இவர்கள் சோதனைக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்கு. பிசகே கிடையாது. செல் என்ன, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையா? அளக்கும்போது கதவை வேறு சாத்திக்கொள்கிறான். கேட்டால் ஏசி வீணாகுமாம். வீட்டில் ஃபேனை அணைக்கத் தெரியாத மனுஷனுக்கு இங்கே மட்டும் என்ன அக்கறை? நாளைக்கு மேலே போய்ப் பொய்த்தால் இரண்டு பேர் மானமும் கப்பலேறும்.

இந்தத் தடவை லேபிளை மாற்றி ஒட்டினாள். கரைந்தபின் இரண்டும் பார்க்க ஒன்றுதான். ஆள் புளுகன் என்றால் வழக்கமான கணக்கோடு வந்து நிற்பான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பயமாகவும் இருந்தது.

மதியம் கதவு திறந்தது. அவளைப் பார்க்காமலே டைரக்டர் அறைக்குப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"எல்லாம் தலைகீழா வருது. திரும்பத் திரும்ப அளந்துட்டேன். நான் கண்டுபிடிச்சதே தப்பு போல. ராக்கெட்ல நம்ம இடம் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவரும் போன் பண்ணி வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு."

அப்பாடா, புளுகன் இல்லை. அடுத்த நொடியே ராக்கெட் ஞாபகம் வந்தது.

"ஏங்க அவசரப்பட்டீங்க? லேபிள் மாறியிருக்கலாம்ல?"

"அவரும் அதையேதான் கேட்டாரு." அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "ஒட்டினது என் பொண்டாட்டி சார், அதுல மட்டும் சந்தேகமே வேண்டாம்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்."