பிடித்து மாற்ற ஆளில்லை

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சண்டை போடுவதற்கு ஒரு முறை இருந்தது. குரலை உயர்த்தலாம், தாயைப் பழிக்கலாம், மூட்டை இழுக்கும் கொக்கியைக்கூட ஓங்கலாம். ஓங்கின கை கீழே வருமுன் நாலு பேர் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள். பிடித்து மாற்றுவது என்று அதற்குப் பேர். "விடுங்கடா என்னை!" என்று திமிறுகிறவன், இவன்கள் நிஜமாகவே விட்டுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வான். பிறகு இரண்டு பேருக்கும் சாயா. சுமைக்கார சுப்புராஜ் எத்தனையோ தடவை அப்படி ஓங்கியிருக்கிறான். ஒருத்தன் மேலும் கீறல் பட்டதில்லை.

இப்போது பாதிச் சரக்குக் கிட்டங்கிகள் காப்பிக்கடையும் விடுதியுமாகிவிட்டன. சுப்புராஜோடு கூட மூட்டை தூக்கினவர்கள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் இஞ்சி மூட்டைகளோடு கைவண்டியைத் தள்ளி வந்தபோது ஷாஜியின் ஆட்டோ வழியை அடைத்து நின்றது. ஷாஜி மலையாளி, பழைய சிநேகிதன்தான். விடுதிச் சவாரிக்குக் காலையிலிருந்து காத்துக் கடுத்துப்போயிருந்தான்.

"ஷாஜியே, வண்டியைக் கொஞ்சம் ஒதுக்குடா. முதுகு ஒடியுது."

"சவாரி இப்ப இறங்கி வரும் சுப்பண்ணா. நீ சுத்திப் போ."

"சுத்திப் போக இது உங்கப்பன் ரோடா?"

"அப்பனைப் பறயாதே. போடா பாண்டி!"

கொச்சியில் பிறந்து கொச்சியிலேயே நரைத்தவன் சுப்புராஜ். தமிழன் என்பதையே வசவாக்கின அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கொக்கியை ஓங்கினான்.

"விடுங்கடா என்னை!"

யாரும் பிடித்திருக்கவில்லை. விடுதிக் காவலாளி எந்த ஊர்க்காரனோ, சும்மா நின்றான். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வந்த பையன்கள் செல்போனைத் தூக்கினார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஆருடா உன்னைப் பிடிச்சு வச்சிருக்கு?" ஷாஜியும் சிரித்துவிட்டான். "அடிடா, காணட்டே!" சொல்லிவிட்டு அவனும் ஓரக்கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்தான்.

கை கனத்தது. சும்மா இறக்கினால் நாளைக்கு இந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? எவனாவது வாங்கடா என்று மனசு கெஞ்சியது. ஒருத்தரும் அசையவில்லை.

கொக்கி ஷாஜியின் கழுத்தோரம் இறங்கியது.

சுப்புராஜுக்கு ஆட்டோ ஓட்டத் தெரியாது. யாராவது வண்டியை எடுங்கடா என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். விலகி வழி விட்டார்கள், அவ்வளவுதான். ஷாஜியை மூட்டை மாதிரி முதுகில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"ஆராவது பிடிச்சு மாத்தும்னு..." என்றது காதோரம் ஷாஜியின் குரல்.

"நானும் அப்படித்தான்டா நினைச்சேன். பேசாதே."

அதற்கப்புறம் ஷாஜி பேசவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறக்கினதும் டாக்டர் நாடியைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். நர்ஸ் திரும்பினாள்.

"இவர்கூட வந்தது ஆரா?"

"நான்தான்."

"குத்தினது ஆரா?"

"அதுவும் நான்தான் சிஸ்டர்."